தீவு மண்ணில் வீட்டுத் தோட்டம்

நமது மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் இடையே பாம்பன் தீவு அமைந்துள்ளது. இராமேசுவரம் நகரும், பாம்பன், தங்கச்சிமடம் முதலிய ஊர்களும் இத்தீவில் உள்ளவை. மணலும் பவளப் பாறையுமே இதன் நிலம். பெருங்கண்மாய்ப் பாசனமோ ஆற்று நீரோ இங்குக் கிடையாது. கடலில் மீனுக்குக் குறைவில்லை. எனினும் அடுப்பில் ஏறும் காய்கறியில் பெரும்பகுதி பாலத்தைக் கடந்தே வருகிறது.

1914-ம் ஆண்டு இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988-ம் ஆண்டு சாலைப் பாலமும், 2025-ம் ஆண்டு புதிய இரயில் பாலமும் வந்தன. போக்குவரத்து இவ்வளவு பெருகியும், புயல் எச்சரிக்கை வந்தால் காய்கறி விலை உடனே ஏறுவதைத் தீவில் வாழ்வோர் அறிவர். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு, அந்நாளில் தீவுக்கு இருந்த ஒரே பாலத்தையும் உடைத்தது. அதைச் செப்பனிட 46 நாட்கள் ஆயின. ஒரு தீவில் வாழும் குடும்பம் தன் உணவில் ஒரு சிறு பங்கையேனும் தன் கொல்லையில் விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வேறொரு காரணமும் உண்டு. ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கனியுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நம் மாநிலத்தில் 15 வயது முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள். கீரையும் காயும் அன்றாடம் இலையில் இடம்பெறுதல் ஆடம்பரமன்று. தாய்மாரின் உடல்நலத்திற்கு அவசியம்.

ஆயினும், உள்நாட்டுக் கிராமத்தில் தோட்டம் போடும் முறையை அப்படியே தீவுக்குக் கொண்டுவந்தால் தோட்டமும் கெடும், கிணறும் கெடும். தீவில் வீட்டுத் தோட்டம் விதையில் தொடங்குவதில்லை. நிலத்தடியிலுள்ள நல்ல நீரை அறிவதில் தொடங்குகிறது. இக்கட்டுரை அதை முதலில் விளக்கிப் பின்னர் மண், காற்று, பட்டம், பயிர் ஆகியவற்றைச் சொல்லும்.

உப்பு நீரின் மேல் மிதக்கும் நல்ல நீர்

மழை நீர் மணலில் இறங்கிக் கடல் மட்டம்வரை சென்றதும், அங்கே மண்ணுக்குள் ஊறி நிற்கும் உப்பு நீரைச் சந்திக்கிறது. ஒரு லிட்டர் நல்ல நீர் ஒரு கிலோ எடையுள்ளது; ஒரு லிட்டர் கடல் நீரோ ஏறத்தாழ 1,025 கிராம் எடையுள்ளது. எடை குறைந்தது மேலே மிதக்கும். ஆகவே, தீவின் அடியில் நல்ல நீர் ஒரு மெல்லிய படலமாக உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இலட்சத்தீவுகளிலும் கிணற்று நீர் கிடைப்பது இவ்விதமே.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடிவரை அது இறங்கி நிற்க இயலும். இரண்டு நீருக்கும் இடையில் கலப்பு ஏற்படுவதால் நடைமுறையில் இக்கனம் கணக்கைவிடக் குறைவே. ஆனால் கணக்கின் மறுபக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். கிணற்றில் நீர்மட்டம் நீடித்து 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்பு நீர் பல மடங்கு மேலேறி வரத் தொடங்கும். மோட்டார் வைத்து வேகமாக இறைக்கும் கிணற்றின் நேர் அடியில் உப்பு நீர் கூம்புபோல் எழும்புகிறது. அது குழாயின் வாயைத் தொட்டுவிட்டால் அன்றோடு அக்கிணறு உவர்க் கிணறு. ஓரிரு நாள் ஓய்வு கொடுப்பதால் அது திருந்துவதில்லை. நல்ல மழைக்காலங்கள் கடந்தாக வேண்டும்.

உள்நாட்டில் நீர் குறைந்தால் ஆழம் தோண்டுகிறோம். தீவில் ஆழம் தோண்டுவது உப்பை நோக்கித் தோண்டுவதாகும். ஆகையால் தீவுக் கிணறு ஆழமின்றி அகலமாக இருத்தல் வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழே சில அடிகள் மட்டுமே இறங்கி, பக்கங்களிலிருந்து நீர் ஊறும்படி அமைத்தால் மேற்படலம் மட்டும் கிடைக்கும். தோட்டத்திற்கு வாளியால் முகந்து ஊற்றுவதே உத்தமம். முதியோர் உள்ள வீட்டில் அது கடினமாயின், சிறு மோட்டாரைக் காலையில் சில நிமிடங்கள், மாலையில் சில நிமிடங்கள் என்று பிரித்து ஓட்டித் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் இறைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

நீரைப் பரிசோதித்தல்

நாக்கால் ருசி பார்த்து உப்பை அறிவது பயிருக்குப் போதாது. மண் பரிசோதனை நிலையத்தில் கிணற்று நீரைக் கொடுத்தால் அதன் மின்கடத்தும் திறனை அளந்து எண்ணாகத் தருவர். இதன் அளவு டெசிசீமன்ஸ் எனப்படும். கடல் நீருக்கு இவ்வெண் 50 அளவில் இருக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வகுத்துள்ள அளவுகளைப் பின்வருமாறு நினைவில் கொள்ளலாம்:

0.7-க்குக் குறைவாயின் எப்பயிருக்கும் தடையில்லை. வெங்காயம், பீன்ஸ், காரட் போன்ற உப்புத் தாங்காப் பயிர்களும் இடலாம்.

0.7 முதல் 3 வரை இருப்பின் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டுக்கீரை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு, முருங்கை ஆகியவை ஏற்றவை. எண் 3-ஐ நெருங்க நெருங்க விளைச்சல் குறையும்.

3-க்கு மேற்பட்டால் காய்கறிப் பாத்திக்கு அந்நீர் உதவாது. தென்னை, சப்போட்டா, இலந்தை ஆகியவை ஓரளவு தாங்கும். காய்கறியை மழைக்காலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை, அதாவது மழை முடிந்த தை மாதத்திலும் கோடையின் உச்சமான வைகாசியிலும், நீரைப் பரிசோதித்தல் நன்று. இரு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே கிணற்றின் நலிவைக் காட்டும். ஆண்டுதோறும் வைகாசி எண் ஏறிக்கொண்டே போனால், அக்கிணற்றிலும் அதைச் சூழ்ந்த கிணறுகளிலும் இறைப்பு மிகுதி என்று பொருள்.

தோட்டத்தின் பரப்பை நீரே தீர்மானிக்கும்

கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் தேவைப்படும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். எனவே ஒரு சென்ட் முழுவதும் கோடையில் காய்கறி வைத்தால் நாளொன்றுக்கு 200 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தால் 13 குடம் ஊற்ற வேண்டும். ஊரில் ஒவ்வொரு வீடும் இவ்வாறு எடுத்தால் மேற்படலம் தாங்காது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அரிசி, காய்கறி கழுவும் நீரும் பாத்திரம் அலம்பும் நீரும் நம் வீட்டில் எத்தனை லிட்டர் என்று மூன்று நாள் அளந்து பாருங்கள். அவ்வெண்ணை 5-ஆல் வகுத்தால் வருவதே நம் கோடைத் தோட்டத்தின் சதுர மீட்டர்க் கணக்கு. 40 லிட்டர் கிடைத்தால் 8 சதுர மீட்டர். 4 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள இரண்டு பாத்திகள் இதில் அடங்கும். இவற்றுக்குக் கிணற்றிலிருந்து புதிதாக ஒரு குடமும் எடுக்க வேண்டியதில்லை.

பாத்திரங்களைச் சாம்பலாலோ குறைந்த சோப்பாலோ துலக்குதல் நலம். துணி துவைத்த நீரில் சோடா உப்பு மிகுதி. அதைக் கீரைப் பாத்தியில் விடலாகாது. ஜல்லியும் மணலும் இட்ட சிறு குழியில் இறக்கி, ஓரத்தில் கல்வாழையை வைத்து, வடியும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். வாசலில் தேங்கி நாறும் சாக்கடையும் இதனால் நீங்கும். கொசுத் தொல்லையும் குறையும்.

எடுத்த நீரைத் திருப்பிக் கொடுப்பதும் கடமை. தீவின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் கூரைமேல் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 500 சதுர அடிக் கூரை என்பது சுமார் 46 சதுர மீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர்; சேதாரம் போக 3,700 லிட்டராவது கிணற்றருகே மணற்குழியில் இறக்கலாம். 2003-ம் ஆண்டு நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்புகளில் மணல் அடைத்துக் கிடப்பவற்றை ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் தூர் எடுக்க வேண்டும்.

மணலை மண்ணாக்குதல்

மணலில் ஊற்றிய நீர் நில்லாது; இட்ட உரமும் நீரோடு இறங்கிவிடும். ஆகவே பாத்திக்கு அடியில் நீரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு வேண்டும். கடற்கரை மணலில் தென்னைக்கு நாம் செய்யும் மட்டைப் புதைப்பையே பாத்திக்கும் செய்யலாம். ஒன்றரை அடி ஆழம் வெட்டி, உரித்த தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கியிருக்குமாறு இரண்டு அடுக்காகப் பரப்ப வேண்டும். அதன்மேல், வெட்டிய மணலில் மூன்று பங்கும், உள்நாட்டுக் கண்மாய்க் கரம்பை ஒரு பங்கும், மட்கிய தொழு உரம் ஒரு பங்கும் கலந்து நிரப்ப வேண்டும். மட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். சில ஆண்டுகளில் மட்கித் தானும் உரமாகும்.

கோடையில் பாத்தி தரைமட்டத்திற்கு நான்கு அங்குலம் தாழ்ந்திருத்தல் நன்று. மழைக்காலத்தில் அதையே சற்று மேடாக்கிக்கொள்ள வேண்டும். பாத்தியின்மேல் சருகு, வைக்கோல், நறுக்கிய தென்னோலை ஆகியவற்றை இரண்டு அங்குலக் கனத்திற்கு மூடாக்காகப் பரப்பினால் நீர் ஆவியாவது குறையும். உப்பு மேலேறிப் பூப்பதும் குறையும்.

பூசணி, சுரை, பீர்க்கு போன்ற கொடிகளுக்குப் பானைப் பாசனம் சிறந்தது. வர்ணம் பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்துச் சுற்றிலும் நான்கு விதை ஊன்றினால், பானையிலிருந்து கசியும் ஈரத்தை நோக்கி வேர் சென்றடையும்.

பவளப் பாறை சுண்ணாம்பாகையால் இம்மண்ணில் பயிருக்கு இரும்புச் சத்து எளிதில் கிட்டுவதில்லை. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுவே காரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். மட்கு உரம் கூடக் கூட இக்குறை தானாகக் குறையும்.

மீன் கழிவு தீவில் எளிதாகக் கிடைக்கும் உரம். உப்பிடாத மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் கலந்து மண்பாண்டத்தில் மூடி மூன்று வாரம் வைத்திருந்து, வடித்த சாற்றை 10 லிட்டர் நீருக்கு 50 மில்லி வீதம் சேர்த்து விடலாம். கருவாட்டுக் கழிவை எக்காரணத்தாலும் சேர்க்கலாகாது. கரையில் ஒதுங்கும் பாசியை ஒரு மழைக்காலம் முழுதும் வெளியில் குவித்து, உப்புக் கழுவப்பட்ட பின்னரே மட்கு குழியில் இட வேண்டும்.

காற்றுக்குத் தடுப்பு

ஆனி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குக் காற்று மணலையும் உப்புத் திவலையையும் வாரி இறைக்கும். மதிற்சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறி மறுபுறம் சுழன்று விழும். இடைவெளியுள்ள பனையோலை வேலியே காற்றைச் சலித்துத் தணிக்கும். வேலியின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம்வரை அதன் காப்பு உண்டு. ஆறடி வேலி அறுபதடிக் கொல்லைக்குப் போதும். வேலிக்கு வெளியே பூவரசும் புன்னையும் வைத்தால் சில ஆண்டுகளில் உயிர்வேலி அமையும். முருங்கை காற்றில் முறியும் இயல்புடையது. இரண்டரை அடி உயரத்தில் கொழுந்தைக் கிள்ளிப் பக்கக் கிளைகளை வளர்த்துத் தாழ்வாக வைத்திருக்க வேண்டும்.

தீவுக்குரிய பட்டம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் முதுமொழி. தீவில் ஆடி மாதம் காற்றும் வறட்சியும் மிக்க காலம். அம்மொழியை இங்கு அப்படியே கைக்கொண்டால் நாற்று கருகும். இங்குப் பாத்தி வெட்டுதற்கு உரியது ஆவணி. கத்தரி, மிளகாய் நாற்று விடுதற்கு உரியது புரட்டாசி. நாற்றுப் பருவமே உப்புக்கு மிகவும் அஞ்சும் பருவமாதலால் நாற்றுக்கு மட்டுமேனும் உள்ளதில் நல்ல நீரை விட வேண்டும். முதல் இரண்டு பெருமழை பெய்து கோடையில் மண்மேல் சேர்ந்த உப்பைக் கழுவிய பின் ஐப்பசியில் நாற்றைப் பிடுங்கி நடலாம். கார்த்திகைப் பெருமழை தணிந்ததும் வெண்டை, கொத்தவரை, கொடி வகைகளை ஊன்றலாம். தை, மாசி, பங்குனி அறுவடைக் காலம். இம்மாதங்களில் ஒரு சென்ட் முழுவதும் பயிர் நிற்கலாம். சித்திரை பிறந்ததும் முன்சொன்ன இரண்டு பாத்திகளாகச் சுருக்கிக்கொண்டு, மற்ற இடத்தை மூடாக்கிட்டு ஆறப்போட வேண்டும்.

நன்கு பராமரித்த கீரைப் பாத்தி ஒன்றில் மாதம் 3 முதல் 4 கிலோ கீரை எதிர்பார்க்கலாம். ஐவர் உள்ள குடும்பத்திற்கு வாரம் இருவேளைக்கு இது போதும். கொல்லை ஓரத்தில் இரண்டு முருங்கையும் இரண்டு அகத்தியும் நின்றால் மேலும் இருவேளைக் கீரை. அலம்பும் நீரில் பப்பாளி ஒன்று, வாழை ஒன்று. பெரிய சம்பாத்தியம் என்று இதைக் கூற இயலாது. ஆனால் கோடை முழுவதும் வாரத்தில் நான்கு நாள் சோற்றோடு பச்சைக் கீரை கிட்டும்.

இத்தொழில் தீவு மக்களுக்குப் புதியதுமன்று. தங்கச்சிமடம் பகுதியில் மணலில் மல்லிகைக் குச்சிகளை ஊன்றி வேர்விடச் செய்து நாற்றாக விற்பதைப் பல குடும்பங்கள் தொழிலாகக் கொண்டுள்ளன. மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கும் இந்நாற்றுகளே செல்கின்றன. மணலின் இயல்பறிந்து அளவாக நீர் தெளிக்கும் அக்கைத்திறனைக் காய்கறி நாற்றுக்கும் திருப்புவதே வேண்டுவது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

வேலி கொல்லையைப் பிரிக்கிறது. நிலத்தடி நீரை அது பிரிப்பதில்லை. ஒரு வீட்டில் ஆழ்குழாய் இட்டு விடுதிக்கோ லாரிக்கோ இறைத்தால், அடுத்த தெருவில் வாளியால் முகக்கும் தாயின் கிணறு உவர்க்கும். சிக்கனமாய் இருப்பவர் பிறர் செலவுக்காக நட்டமடையலாகாது. ஆகவே இது தனிப்பட்டவர் விஷயம் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒதுங்கியிருக்க இயலாது. ஊருணிகளைத் தூர் வாரிக் காத்தல், மணல் அள்ளுவதைத் தடுத்தல், புதிய ஆழ்குழாய் பற்றிய விண்ணப்பங்களைக் கிராம சபையில் வெளிப்படையாக விவாதித்தல் ஆகியவை தோட்டத்திற்கும் குடிநீருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

புயலாலோ பேரலையாலோ கடல் நீர் கிணற்றில் புகுந்துவிட்டால், அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப இறைத்துக் கொட்டுவது தீமை விளைக்கும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் அவ்வாறு இறைத்த கிணறுகளில் அடியிலிருந்து உப்பு மேலும் ஏறிற்று. சேற்றை அகற்றிச் சுத்தம் செய்து, மழை அதைக் கழுவும்வரை கிணற்றுக்கு ஓய்வு கொடுத்து, வேறிடத்து நீரைக் கொண்டு சமாளிப்பதே விவேகம்.

கிராம சபையில் கேட்டறிய வேண்டியவை

மே 1-ம் நாள் கூடும் கிராம சபையில்: ஊர்ப் பொதுக் கிணறுகளின் கோடை எண் என்ன? சென்ற ஆண்டைவிட ஏறியிருக்கிறதா? ஏறியிருப்பின், அருகில் நாள்தோறும் நீடித்து இறைக்கும் மோட்டார்கள் எத்தனை?

அக்டோபர் 2-ம் நாள் கூடும் கிராம சபையில்: மழைநீர்க் குழிகள் தூர் எடுக்கப்பட்டனவா? மகளிர் சுய உதவிக் குழுக்கள் விட்டுள்ள நாற்று எத்தனை வீட்டுக்குப் போதும்? இவ்வாண்டு புதிதாகத் தோட்டம் தொடங்கும் வீடுகள் எவை?

இவ்வினாக்களுக்குரிய விடைகளை ஒரு பதிவேட்டில் ஆண்டுதோறும் எழுதி வைத்தல் வேண்டும். பின்வரும் அங்கத்தினர்கள் அப்பதிவேட்டைப் புரட்டும்போது, கிணற்று எண் ஏறாமலும் தோட்டங்களின் எண்ணிக்கை ஏறியும் இருக்குமாயின், நம் காலத்துப் பஞ்சாயத்து தன் கடமையைச் செய்தது என்று அவர்கள் தாமாகவே அறிந்துகொள்வர்.